எட்டாவது கோட்டையில் ஒரு ஆடு

என் அம்மா நஜ்முன்னிசா ஒன்பது ஆண்டுகள் ஒரே ஒரு வீடியோ கேமை விளையாடினாள். அது அவளுக்கு ஒரு நாள்கூடப் பிடித்ததில்லை.

"செஞ்சவன் ஒரு தடவையாச்சும் இத வெளையாடிப் பாத்திருக்கானா?" என்று கேட்பாள். தினமும் கேட்பாள். மதிய லுஹர் தொழுகை முடிந்து மாலை அஸர் பாங்கு சொல்வதற்குள் குறைந்தது மூன்று முறை கேட்பாள்.

1997 மே மாதம் அத்தா அதை அனுப்பினார். என் தகப்பனார், பெயர் மதார். ஷார்ஜாவில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை. எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டுக்கு லீவில் வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய பெட்டியில் ஒரு கேம் மெஷின், இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு கேம் கேசட் இருந்தன. தன் மகன் உபைத்துக்காக, அதாவது எனக்காக, அனுப்பியது. எனக்கு அப்போது பதினொரு வயது. மூன்றாவது கோட்டையைத் தாண்ட முடியாமல் இரண்டு மாதத்தில் நான் விட்டுவிட்டேன். அம்மா எடுத்துக்கொண்டாள். நாலாம் வகுப்பு வரை படித்தவள். அரைகுறையாக ஒரு வேலை கிடப்பது அவளுக்கு ஆகாது.

பெட்டியிலிருந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பிளாஸ்டிக் கவரோடு ஷோகேஸில் வைத்தாள். வெளிநாட்டிலிருந்து வந்த சென்ட் பாட்டில்கள், பிரிக்காத சோப்பு, காபா படம் போட்ட கடிகாரம் ஆகியவற்றுக்கு நடுவில். "ஒண்ணு கெட்டுப்போனா ஒண்ணு இருக்கணும்ல." எங்கள் ஊரில் எல்லா ஷோகேஸிலும் இப்படி ஏதாவது இருக்கும்.

விளையாட்டு இதுதான். பச்சைச் சட்டை போட்ட ஒருவன், கையில் விளக்கு. எட்டுக் கோட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சாவியை எடுத்துக் கதவைத் திறக்க வேண்டும். எட்டாவது கோட்டையில் மட்டும் ஒரு ஆட்டையும் கூட்டிக்கொண்டு கதவுக்குப் போக வேண்டும். கதவைத் திறந்தால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

அவளுடைய குறைகளை நான் இப்போது ஒரு தொழில்நுட்பக்காரனாக யோசித்துப் பார்க்கிறேன். எல்லாம் நியாயம்.

தொடக்கத்தில் ஒரு கதை ஓடும். படிக்க முடியாத எழுத்து. அதைத் தள்ளிவிட வழியில்லை. அது முடிந்தால் முதல் கோட்டையில் ஒரு ஆறு. அதைக் கடக்க ஒரு தெப்பம் வர வேண்டும். நாற்பது நொடி ஆகும். எந்தப் பட்டனை அழுத்தினாலும் நாற்பது நொடிதான். சாவியை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டால் திரும்பி வர முடியாது. திரை பின்னால் நகராது. வௌவால் தொட்டால் பச்சைச் சட்டைக்காரன் இரண்டு அடி பின்னால் எகிறுவான். பின்னால் எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும். ஐந்தாவது கோட்டையில் கதவு சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அம்மாவுக்கு ஏழு மாதம் ஆனது. ஒவ்வொரு கல்லாக விளக்கால் தட்டிப் பார்த்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே, மூன்று உயிர் போனால் முதல் கோட்டை. தெப்பம். நாற்பது நொடி.

"எட்டாவது கோட்டையில செத்தவன் எட்டாவது கோட்டையிலதானடா எந்திரிக்கணும்? இவன் என்ன, பொறந்ததுலேருந்து மறுபடி ஆரம்பிக்கிறான்?"

இந்தக் குறைகளை அவள் அத்தாவுக்கும் சொன்னாள். அப்போதெல்லாம் போனில் கொஞ்ச நேரம்தான் பேச முடியும். வெற்று ஆடியோ கேசட்டில் பேசி, ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். அங்கே ஒரே அறையில் பன்னிரண்டு பேர். ஒருத்தர் வீட்டுக் கேசட்டை எல்லோரும் கேட்பார்கள். அதனால் பெண்கள் யோசித்துத்தான் பேசுவார்கள். நிக்காஹ், காய்ச்சல், வெள்ளாற்றில் தண்ணீர் வந்தது, இப்படி. அம்மா முதல் பக்கத்தில் இதையெல்லாம் முடித்துவிடுவாள். இரண்டாவது பக்கம் முழுக்கப் பச்சைச் சட்டை.

"அஸ்ஸலாமு அலைக்கும். உபைத்து நல்லா இருக்கான். ஆறாவது கோட்டையில ஒரு தூணு விழுவுதுங்க. விழுறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வேணாமா? ஆடவாச்சும் வேணாமா? சும்மா நின்னுக்கிட்டிருந்தது தலையில விழுவுது. நீங்க அந்தக் கடைக்காரர்ட்ட போயி கேளுங்க. வேற கேசட்டு குடுக்கச் சொல்லுங்க."

அத்தா கேட்டார். கடைக்காரரும் வேறு கேசட் கொடுத்தார். மேலே வேறு படம். உள்ளே அதே பச்சைச் சட்டை. மூன்று முறை இப்படி வந்தது.

அவளுக்குப் பெரிய எதிரி வௌவால் அல்ல. மின்சாரம். எங்கள் பக்கம் வயல் மோட்டார்களுக்கு மும்முனை மின்சாரத்தை முறை வைத்து விடுவார்கள். முறை மாறும்போது சப் ஸ்டேஷனில் சுவிட்சை மாற்றுவார்கள். வீட்டில் ஒரு நொடி விளக்கு சிமிட்டும். அந்த ஒரு நொடி போதும். மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும். மதியம் மூன்று மணிக்குச் சிமிட்டும். அம்மா இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணிக்கு ஏழாவது கோட்டையில் இருப்பாள்.

ஒரு நாள் லைன்மேன் சாமிதுரை எங்கள் தெருக் கம்பத்தில் ஏறியிருந்தார். அம்மா வாசலுக்குப் போய் அண்ணாந்து கேட்டாள்.

"தம்பி, அந்த மூணு மணி சுவிட்ச நாலு மணிக்குத் தட்டுனா என்ன?"

"ஏங்கக்கா, அது என் கையிலயா இருக்கு? ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டா வெவசாயி என்னய இதே கம்பத்துல கட்டிப்புடுவான். எதுக்குக் கேக்குறீங்க? மாவு மில்லு போட்டிருக்கீங்களா?"

"மில்லு இல்ல."

"பின்ன?"

"ஒரு சோலி இருக்கு. நீங்க எறங்குங்க பாத்து."

வீடியோ கேம் என்று சொல்ல அவளுக்கு வெட்கம். நாற்பது வயதுக்காரி.

நான் பாலிடெக்னிக் முடித்து, 2004இல் அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் கன்ட்ரோல் ரூமில் சேர்ந்தேன். அடுத்த வருடம் அம்மாவின் பிரச்சினைக்கு ஒரு வழி செய்தேன். எங்கள் வீட்டில் எமர்ஜென்சி லைட் நான்கு இருந்தன. லீவில் வரும் ஒவ்வொரு முறையும் அத்தா ஒன்று கொண்டு வருவார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு வோல்ட் பேட்டரி. இரண்டைக் கழற்றி வரிசையாக இணைத்து, ஒரு டயோடு வழியாக மெஷினுக்குக் கொடுத்தேன். கரண்ட் இருந்தால் அடாப்டர் கொடுக்கும், பேட்டரியும் நிரம்பிக்கொண்டிருக்கும். போனால் பேட்டரி எடுத்துக்கொள்ளும். டிவி அணையும், ஆனால் மெஷின் அணையாது. மெஷின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இனி விளையாட்டை நிறுத்தி வைக்கலாம். இன்று விட்ட இடத்தில் நாளை தொடங்கலாம். விளையாட்டைச் செய்தவன் தராததை இரண்டு பழைய பேட்டரி தந்தது.

அம்மா என்னைப் பாராட்டவில்லை. "இத ஏழு வருசம் முன்னாடி செஞ்சிருக்கலாம்ல?" என்றாள். ஏழு வருடம் முன்னால் எனக்குப் பன்னிரண்டு வயது.

அதற்குப் பிறகு எட்டாவது கோட்டைக்கு அடிக்கடி போனாள். அங்கே ஆடு இருந்தது. ஆடு தானாக நடக்கும். பாலத்தில் பாதி தூரம் வந்து திரும்பும். நெருப்பு எரிந்தால் நெருப்பைப் பார்த்து நடக்கும். பள்ளம் இருந்தால் பள்ளத்துக்குள் நடக்கும். ஆடு செத்தால் அவனுக்கும் ஒரு உயிர் போகும்.

"இந்த ஆட்டுக்கு அறிவே வைக்கல அல்லா. இதக் குருபானி குடுக்கக்கூட லாயக்கில்ல."

அத்தா லீவில் வரும் மாதங்களில் அவள் விளையாட மாட்டாள். மெஷினைத் துடைத்து அலமாரி மேல் ஏற்றிவிடுவாள். அவர் போன பிறகு இறக்குவாள். 2006 ஏப்ரலில் அவர் வந்தபோது ஏற்றவில்லை. ஏற்ற முடியாது. ஒன்பது நாளாக எட்டாவது கோட்டையில் நிறுத்தி வைத்திருந்தாள். மூன்று உயிரும் மிச்சம். ஆடு பாலத்தைத் தாண்டியிருந்தது. தன் வாழ்நாளில் அவ்வளவு தூரம் அது வந்ததே இல்லை.

ஷார்ஜாவில் அத்தா தங்கியிருந்த அறையில் ஒருமுறை பிளக்கிலிருந்து தீப்பிடித்திருக்கிறது. அதிலிருந்து தூங்கப் போகும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். கை தானாகப் போகும். வந்த அன்று இரவு இஷா தொழுதுவிட்டு வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக அணைத்திருக்கிறார். நாங்கள் கவனிக்கவில்லை. பழைய பேட்டரி ஐந்து மணி நேரம் தாங்கியிருக்கும்.

விடியற்காலை சுபுஹுக்கு எழுந்த அம்மா சிவப்பு விளக்கு எரியாததைப் பார்த்தாள்.

"சுவிட்ச யாரு அமத்துனது?"

"நாந்தான்" என்றார் அத்தா. "சும்மா எரிஞ்சுக்கிட்டு கெடந்துச்சு. டிவியே ஓடல, அது மட்டும் எதுக்கு?"

"ஒம்போது நாளு."

"என்ன ஒம்போது நாளு?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பேட்டரி வச்சியே. அது தீரப்போவுதுன்னா ஒரு சத்தம் குடுக்க வேணாமா? ஆலையிலயும் இப்புடித்தான் வேல பாக்குறியா?"

நான் பேட்டரி வயரைத் தொட்டுப் பார்த்தேன்.

"நீயும் அந்தப் பயலும் ஒண்ணுதான். செஞ்சு குடுத்துட்டு ஒதுங்கிக்கிறது. வெளையாடுறவ என்ன ஆனா என்ன!"

ஆலையில் ஒரு விசிறி நிற்பதற்கு முன்னால் ஹாரன் அடிக்கும். எண்ணெய் சூடானால் ஹாரன் அடிக்கும். தினமும் எட்டு மணி நேரம் அந்த ஹாரன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவன் நான். அம்மாவின் மெஷினுக்கு ஒரு பஸ்ஸர் வைக்கத் தோன்றவில்லை. அன்று மாலையே வைத்தேன். கரண்ட் போனால் கத்தும், திரும்பி வரும்வரை நிற்காது.

அத்தாவுக்கு இரண்டு நாள் ஆறிப்போன டீ கிடைத்தது. மூன்றாம் நாள் லுஹருக்குப் பிறகு அம்மா மறுபடி முதல் கோட்டையிலிருந்து ஆரம்பித்தாள். அத்தா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரூமுல எல்லாரும் கேப்பானுவ, நஜ்மு. பச்சச் சட்டை தூணத் தாண்டிட்டானா, தாண்டிட்டானான்னு. ஒன் கேசட்டு வந்தா எனக்கு முன்னாடி அவனுவ ஒக்காந்துருவானுவ."

அம்மா திரையைப் பார்த்தபடி, "அவனுவளுக்கு இருக்குற அக்கறை சுவிட்ச அமத்துனவருக்கு இல்லியே" என்றாள்.

அத்தா ஷோகேஸைக் காட்டினார். "அந்த ஜாய்ஸ்டிக்க மாட்டுனா என்னாவும்?"

"ஒண்ணும் ஆவாது. அது ஸ்பேரு."

"சும்மா கையில வச்சிருக்கேன்."

அவரே எடுத்துக் கவரைக் கிழித்து மெஷினில் மாட்டினார். ஒன்பது வருடத்துக் கவர். அவள் தடுக்கவில்லை, கோபமாக இருந்ததால். ஏழாவது கோட்டை வரை அந்த ஜாய்ஸ்டிக் எதுவும் செய்யவில்லை. அவர் தஸ்பீஹ் மணி போல அதை விரலால் உருட்டிக்கொண்டு தினமும் உட்கார்ந்திருந்தார். நடுவில் பல முறை செத்து முதலிலிருந்து தொடங்கி, பதினொரு நாளில் எட்டாவது கோட்டை வந்தது. ஆடு வந்தது. அவர் கட்டைவிரல் எதையோ அழுத்தியது.

ஆடு திரும்பியது.

"ஏய்" என்றார் அத்தா. இன்னொரு முறை அழுத்தினார். ஆடு மறுபக்கம் திரும்பியது.

அம்மா விளையாட்டை நிறுத்தினாள். ஜாய்ஸ்டிக்கைப் பாயில் வைத்தாள்.

"ஒம்போது வருசம்ங்க. ஒம்போது வருசமா இந்த ஆட்டத் திட்டிக்கிட்டிருக்கேன்."

நான் பழைய பெட்டியைத் தேடி எடுத்து வந்தேன். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் நிறைய இருந்தது. எந்த மொழி என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"இதுல சொல்லியிருப்பாங்கம்மா."

"சொல்லியிருந்தா? படிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் ஆடு நடக்குமா? தலைக்கு மேல ஒரு அம்புக்குறி போட்டா என்ன? இன்னொரு ஆளு வேணும்னு ஒரு படம் போட்டா என்ன? செஞ்சவனுக்குக் கை ஒடிஞ்சா போவும்?"

அன்றிலிருந்து மதியங்களில் எங்கள் வீட்டில் சத்தம் அதிகம். ஷிப்ட் இல்லாத நாளில் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"ஏங்க, ஆட்ட நிறுத்துங்க. நிறுத்துங்கன்னா!"

"நிறுத்துற பட்டன் எது?"

"கைய எடுங்க. கைய எடுத்தா நிக்கும்."

"எடுத்துட்டேன்."

"செத்ததுக்கு அப்பறம் எடுத்து என்ன பண்றது?"

"நான் சின்னப் புள்ளையில நாப்பது ஆடு மேச்சவன். ஒண்ணு கூட சாவல."

"அந்த ஆட்டுக்கெல்லாம் அறிவு இருந்துச்சு. மேச்சவருக்கு வேண்டியதில்லாமப் போச்சு."

இரண்டு முறை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இரண்டும் அத்தாவின் ஆட்டால். இரண்டு முறையும் தெப்பத்துக்காகக் காத்திருந்த நாற்பது நொடியில் அம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரையைப் பார்க்கவில்லை.

ஜூன் கடைசியில் அவர் லீவு முடிந்தது. கிளம்பும் நாள் மதியம் பாலத்தின் நடுவில் பச்சைச் சட்டைக்காரன் நின்றான். ஆடு அவனுக்குப் பின்னால். ஒரு உயிர்தான் மிச்சம். பாலத்துக்கு அந்தப் பக்கம் கதவு தெரிந்தது. வாசலில் திருச்சி விமான நிலையத்துக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. அம்மா விளையாட்டை நிறுத்தி வைத்தாள்.

"நீயே முடிச்சிரு" என்றார் அத்தா. "உபைத்து ஆட்டப் பாத்துக்குவான்."

"இவனா? பஸ்ஸர் வைக்கவே நான் சொல்ல வேண்டியிருந்துச்சு. பெருநாளைக்கு வர்றேன்னீங்கள்ல. வந்து ஆடுங்க."

"இன்ஷா அல்லா."

ஹஜ்ஜுப் பெருநாள் டிசம்பர் கடைசியில். ஆறு மாதம். நான் இரண்டு புது பேட்டரி வாங்கி மாற்றினேன். மெஷின் சூடாகாமல் இருக்க அடியில் நான்கு பாட்டில் மூடி வைத்தேன். அம்மா அதைத் தொடவில்லை. தினமும் லுஹருக்குப் பிறகு மேலிருக்கும் தூசியைத் துடைத்துவிட்டு, சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். பஸ்ஸர் கத்தும் நேரமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மூன்று மணிக்கு ஒரு சின்னக் கத்தல். "சாமிதுரை வந்துட்டாரு" என்பாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சமையலறையில் விழுந்தாள். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். அதற்கு முன்னால் ஒரு தலைவலி கூடச் சொன்னதில்லை. எந்த அறிகுறியும் இல்லை. நான் காலை ஷிப்டில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் நிறையப் பேர். புழுக்கம். யாரோ பெரிய ஃபேன் கொண்டு வந்து, பிளக் தேடி, மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் மாட்டினார்கள். பஸ்ஸர் கத்த ஆரம்பித்தது. அழுகைக்கு நடுவில் அது நிற்காமல் கத்தியது.

"என்னடா சத்தம் அது, நிப்பாட்டுடா" என்றாள் சின்னம்மா.

நான் ஃபேன் பிளக்கைப் பிடுங்கி, மெஷினை மறுபடி மாட்டினேன். ஃபேனுக்கு வேறு அறையிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தேன்.  

அஸருக்குப் பிறகு அடக்கம் செய்தோம். அத்தா மூன்றாம் நாள் வந்தார். அவருக்கு மண்ணைத்தான் காட்ட முடிந்தது.

வந்த இரவு அவர் வழக்கம்போல வீட்டைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். மெஷின் பக்கம் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தாண்டிப் போனார்.

எட்டு நாள் கழித்து, விருந்தாளிகள் எல்லோரும் போன பிறகு, லுஹர் தொழுதுவிட்டு வந்து டிவியைப் போட்டார். பாலம், பச்சைச் சட்டை, பின்னால் ஆடு, எல்லாம் அப்படியே இருந்தன.

"அவ ஜாய்ஸ்டிக்க நீ எடு" என்றார்.

"எனக்கு வராதுத்தா. நான் மூணாவது கோட்டையே தாண்டுனதில்ல."

"பரவால்ல எடு. ஆட்ட நான் பாத்துக்குறேன். அஞ்சு மாசமா ரூமுல படுத்துக்கிட்டு மனசுல ஓட்டிப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

ஜாய்ஸ்டிக்கில் குதிக்கும் பட்டன் மட்டும் நடுவில் குழிந்திருந்தது. அம்மாவின் கட்டைவிரல் அளவு. நான் அதில் என் விரலை வைத்து விளையாட்டைத் தொடங்கினேன். இசை விட்ட இடத்திலிருந்து வந்தது.

அத்தா ஒரு அடிகூடத் தப்பு வைக்கவில்லை. ஆட்டை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார், நெருப்பு அணைந்ததும் ஓட்டினார். ஆடு எனக்கு முன்னால் பாலத்தைக் கடந்து கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. நான் இன்னும் நான்கு அடி போக வேண்டும். வௌவால் வந்தது. சீக்கிரமாகக் குதித்துவிட்டேன். அது தொட்டது. பச்சைச் சட்டைக்காரன் இரண்டு அடி பின்னால் எகிறினான். பின்னால் பள்ளம்.

திரை கறுத்தது. படிக்க முடியாத அந்தக் கதை மறுபடி ஓட ஆரம்பித்தது.

நான் அத்தாவைப் பார்க்கவில்லை.  ஐந்து மாதம். இரண்டு புது பேட்டரி. நான்கு அடி.

"செஞ்சவன்" என்றார் அத்தா.  தொண்டையைச் செருமிக்கொண்டு, கோபத்தோடு, உரக்கச் சொன்னார். "செஞ்சவன் ஒரு தடவையாச்சும் இத வெளையாடிப் பாத்திருக்கானாடா?"

"இல்லத்தா."

"ஆடு கதவுகிட்ட நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு."

"பத்து நாள் லீவு மிச்சமிருக்கு. மொதல்லேருந்து போடு."

கதை ஓடி முடிந்தது. பச்சைச் சட்டைக்காரனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். தெப்பம் மறுகரையிலிருந்து கிளம்பியது. அத்தா தன் ஜாய்ஸ்டிக்கில் எதையோ அழுத்திப் பார்த்தார். பயனில்லை. அது நாற்பது நொடிதான் எடுத்துக்கொள்ளும்.